அத்தியாயம் 6: நாற்பத்தைந்து சுற்று ஒரு கிலோமீட்டர்

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாடு முழுவதும் 144 தடையுத்தரவு வந்தது. கொரோனாவால் அன்று நள்ளிரவு முதல் நாடே அடைபட்டது. அதற்கு முந்திய வாரம் வரை நல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் விடிவதற்கு முன்பே மணிமுத்தாற்று மணலிலும் ஏரிக்கரையிலும் ஓடிக்கொண்டிருந்தார்கள். பதக்கத்துக்காக ஓடியவர்கள் அவர்களில் குறைவு. காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், ராணுவ முகாமில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் முடித்தால்தான் முழு மதிப்பெண். இந்த இரண்டு கணக்கும்தான் அவர்களை நாலரை மணிக்கு எழுப்பின.

கதவு சாத்தியதும் அவர்கள் செய்த தவறுகளை நானும் செய்தேன். முதல் வாரம் சும்மா கிடந்தேன். இரண்டாம் வாரம் குற்றவுணர்வு பிடித்துக்கொள்ள, மொட்டை மாடியில் ஒரே மூச்சில் எட்டு கிலோமீட்டர் ஓடினேன். மூன்றாம் வாரம் இடது முழங்காலின் வெளிப்பக்கம் பிடித்துக்கொண்டு படி இறங்க முடியாமல் உட்கார்ந்தேன். அடுத்த முறை உங்கள் வாசல் அடைபட்டால் அந்த மூன்று வாரமும் உங்களுக்கு மிஞ்ச வேண்டும் என்றுதான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். காரணம் தொற்றாக இருக்கலாம், வீட்டில் ஒருவருக்கு வந்த நோயாக இருக்கலாம், எதுவானாலும் முறை இதுதான்.

தொடங்கும் முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். அடைபட்ட நாள்களில் தூரத்தை விட்டுவிட வேண்டும், நேரத்தை விடக் கூடாது. ஐந்தே கால் மணிக்கு ஓடியவர் ஐந்தே கால் மணிக்கே காலணி மாட்ட வேண்டும். எத்தனை கிலோமீட்டர் என்று அந்த மாதங்களில் கேட்காதீர்கள்.

இடத்தைத் தயார் செய்தல்

முதல் நாள் ஓட வேண்டாம். அந்த நாள் முழுவதும் இடத்துக்கே போகட்டும்.

1. மாடியோ முற்றமோ, முதலில் வெறுங்கண்ணால் தரையைப் படியுங்கள். விருத்தாசலம் பகுதியில் செராமிக் பட்டறைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குக் கூடுதல் வேலை உண்டு. சூளையில் உடைந்த அகல், பொம்மைக் கை, பியூஸ் கட்டையின் சில்லு எல்லாம் மண்ணில் புதைந்து முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். மெருகு ஏற்றிய பீங்கான் சில்லு கண்ணாடி மாதிரி அறுக்கும், மெல்லிய காலணி அடியைத் துளைக்கவும் செய்யும். கையுறை போட்டுப் பொறுக்குங்கள்.

2. பட்டறை முற்றத்தில் களிமண் தூள் படிந்திருந்தால் விளக்குமாறு எடுக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். பீங்கான் கலவையில் குவார்ட்ஸ் தூள் இருக்கிறது. அது நுரையீரலில் தங்கிவிடும் பொருள். ஓடும்போது சும்மா இருக்கும்போதைப் போலப் பல மடங்கு காற்றை இழுக்கிறோம். கலவை அரைக்கும் இடத்துக்கும் காய்ந்த மண் மூட்டைக்கும் பக்கத்தில் ஓடவே வேண்டாம். வேறு இடம் இல்லாதவர்கள் அறைக்குள் நின்ற இடத்தில் ஓடுவதே நல்லது.

3. மாடியில் துணிக் கொடிகளை அவிழ்த்துவிடுங்கள், அல்லது தலைக்கு மேலே உயர்த்திக் கட்டுங்கள். அரையிருட்டில் கழுத்து உயரத்தில் நிற்கும் நைலான் கயிறு கண்ணுக்குத் தெரியாது.

4. தண்ணீர்த் தொட்டிக் குழாய், டிஷ் கம்பி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பி ஆகியவற்றில் வெள்ளைத் துணி சுற்றுங்கள்.

5. கைப்பிடிச் சுவர் உங்கள் இடுப்புக்குக் கீழே இருந்தால் அந்த மாடி ஓடுவதற்கு ஆகாது. நடக்கலாம், உடற்பயிற்சி செய்யலாம். சுவர் உயரமாக இருந்தாலும் ஓடுபாதைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மீட்டர் விடுங்கள்.

6. சுண்ணாம்புக் கட்டியாலோ கோலமாவாலோ பாதையை வரையுங்கள். மூலைகளைச் சதுரமாக விடாமல் முட்டை வடிவில் வளைத்து வரையுங்கள். வளைவு எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு முழங்கால் பிழைக்கும்.

அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சித்திரை, வைகாசியில் மாடி வத்தலுக்கும் வடாமுக்கும் உரியது. ஆறரை மணிக்குள் ஓட்டத்தை முடித்து, தரையைக் கழுவி அவர் கையில் ஒப்படைத்தால் இரண்டு வேலையும் நடக்கும். கீழே முதியவரோ கைக்குழந்தையோ தூங்கும் அறை இருந்தால் அதன் நேர்மேலே பாதை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாடிமேல் விழும் காலடி ஒவ்வொன்றும் கீழே உலக்கை போடுவது மாதிரி கேட்கும்.

சுற்றை அளப்பது

வரைந்த கோட்டின்மேல் ஒரு கயிற்றை வளைத்து வளைத்துப் போட்டு, பிறகு கயிற்றை நீட்டி அளவுநாடாவால் அளக்க வேண்டும். அளவுநாடா இல்லாத வீட்டில் புடவை இருக்கும். சாதாரணப் புடவையின் நீளம் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். எங்கள் மாடியில் கயிறு நான்கு புடவை நீளத்தைச் சற்றே தாண்டியது. அதாவது 22 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அப்படியானால் 45 சுற்று ஒரு கிலோமீட்டர்.

நாற்பத்தைந்தை மனதில் எண்ணிக்கொண்டு ஓட முடியாது, பன்னிரண்டுக்குப் பிறகு குழம்பும். சுவர்மேல் ஒன்பது முந்திரிக்கொட்டைகளை வரிசையாக வையுங்கள். நம் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. ஐந்து சுற்றுக்கு ஒரு கொட்டையை நகர்த்துங்கள், ஒன்பதும் நகர்ந்தால் ஒரு கிலோமீட்டர். கைபேசியில் இருக்கும் ஓட்டச் செயலியை நம்பாதீர்கள். இவ்வளவு சிறிய வட்டத்தை ஜிபிஎஸ் சரியாகப் பிடிக்காது. நின்ற இடத்தில் நின்றீர்கள் என்றும் காட்டும், ஊரைத் தாண்டினீர்கள் என்றும் காட்டும்.

முழங்கால் போவது இங்கேதான்

இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். 400 மீட்டர் தடத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடினால் உடல் இரண்டரை முறைதான் முழு வட்டம் திரும்புகிறது. 22 மீட்டர் மாடியில் அதே கிலோமீட்டருக்கு 45 முறை திரும்புகிறது. தூரம் ஒன்றுதான், ஆனால் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் விழும் முறுக்கு பதினெட்டு மடங்கு. என் எட்டு கிலோமீட்டரில் 360 வட்டம், எல்லாம் இடப்பக்கமாக. முழங்கால் பிடித்துக்கொண்டதில் அதிசயம் ஒன்றுமில்லை.

அந்த மார்ச்சில் பிரான்ஸில் துலூஸ் நகருக்கு அருகே ஒருவர் தன் வீட்டின் 7 மீட்டர் பால்கனியில் முன்னும் பின்னுமாக ஒரு முழு மாரத்தான் ஓடினார். 6 மணி 48 நிமிடம் ஆனது. உலகமே வியந்தது, நம் ஊரிலும் பலர் அதைப் பார்த்துவிட்டு மாடி ஏறினார்கள். 42 கிலோமீட்டரை ஏழால் வகுத்துப் பாருங்கள், ஆறாயிரம் திருப்பம். அவருடைய மன உறுதியை வணங்குகிறேன். அவர் செய்ததைச் செய்யாதீர்கள் என்றும் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

திருப்பத்தைச் சமாளிக்கும் வழி:

1. ஐந்து சுற்றுக்கு ஒருமுறை, கொட்டையை நகர்த்தும்போதே திசையை மாற்றுங்கள். நின்று, இரண்டு மூச்சு விட்டு, எதிர்ப்பக்கமாகத் தொடங்குங்கள்.
2. வளைவுக்கு இரண்டு எட்டு முன்பே வேகத்தைக் குறையுங்கள். எட்டைச் சிறிதாக்குங்கள். பாதத்தைத் தரையில் ஊன்றி உடம்பைத் திருகாமல், சிறு சிறு எட்டாக வைத்து வளையுங்கள்.
3. நேர்ப்பகுதியிலும் வேகம் கூட்ட வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியம் பேச முடிகிற வேகம் போதும்.
4. தொடர்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் சுற்றாதீர்கள். பத்து நிமிடம் சுற்று, ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓட்டம், பிறகு மறுபடி பத்து நிமிடம்.
5. முழங்காலின் வெளிப்பக்கம், குதிகால், கணுக்காலின் உட்பக்கம் இந்த மூன்றில் எங்கே வலி தொடங்கினாலும் அன்றைய ஓட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. மறுநாள் காலை படி இறங்கும்போது வலி இருந்தால் மூன்று நாள் ஓட்டமே வேண்டாம்.

வெயிலும் தரையும்

மே 4 முதல் 28 வரை கத்திரி. விருத்தாசலம் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாடித் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை இரவு எட்டு மணி வரை கக்கிக்கொண்டிருக்கும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மாலை ஓட்டம் மாடியில் கூடாது. விடியலுக்கு முன்தான் தளம் குளிர்ந்திருக்கும். மாலை வேண்டுமானால் கீழே, திண்ணையிலோ அறையிலோ உடற்பயிற்சி.

காலணி மாட்டுவதற்கு முன் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டுங்கள். வெளியே போகாமல் மூலையில் கிடக்கும் காலணிக்குள் தேள் குடியேறும். இதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மழையும் இடியும் இருந்தால் மாடிப் பக்கமே போகாதீர்கள். 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது நோய்க்கட்டுப்பாடும் இருந்தது, புயலும் இருந்தது. அப்படிப்பட்ட நாள் ஓய்வுக்கு என்றே வந்தது.

தாகத்துக்கு நீர்மோர், கம்மங்கூழ், வடித்த கஞ்சி போதும். வியர்வை கொட்டி, தலை சுற்றினால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தட்டையான சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு கலந்து சிறிது சிறிதாகக் குடியுங்கள். உப்பு அளவு கூடக் கூடாது, கூடினால் கெடுதல்.

ஒரு நாள், ஒரு வாரம்

அந்த மாதங்களில் என்னோடு தொலைபேசியில் பேசிக்கொண்டே பயிற்சி செய்த பிள்ளைகளுக்குச் சொன்ன ஒழுங்கு இது. உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி கால் மணி முன்பின் ஆகலாம்.

* காலை 4.45: எழுவது, ஒரு தம்ளர் தண்ணீர்.
* 5.00: ஐந்து நிமிடம் நடை, தோள், இடுப்பு, கணுக்கால் சுழற்சி.
* 5.15: அன்றைய பயிற்சி, 25 முதல் 30 நிமிடம்.
* 5.45: மெதுநடை. கெண்டைக்கால், தொடை நீட்டல். தரையைக் கழுவுதல்.
* பகல்: வீட்டு வேலையில் கை கொடுங்கள். குடம் சுமப்பதும் துணி பிழிவதும் ஓட்டக்காரனுக்கு வேண்டிய வேலைதான்.
* மாலை 6.00: படிப்பு. எழுத்துத் தேர்வு உள்ளவர்களுக்கு இது ஓட்டத்தைவிட முக்கியம்.
* இரவு 9.30: படுக்கை. கைபேசி வேறு அறையில்.

வாரத்தில் திங்கள், வியாழன் மாடிச் சுற்று. செவ்வாய் திண்ணைப் பயிற்சி: முழங்கால் உயரத்துக்கு மேற்படாத திண்ணையில் வலது கால் வைத்து ஏறி இறங்குவது 15, இடது கால் 15, இப்படி மூன்று முறை. உட்கார்ந்து எழுவது 20, அதுவும் மூன்று முறை. குப்புறக் கையூன்றி உடம்பை நேராக நிறுத்துவது 30 விநாடி. புதன் ஸ்கிப்பிங்: ஒரு நிமிடம் குதி, ஒரு நிமிடம் நில், பத்து தடவை. சிமெண்டுத் தரையில் காலணியோடு குதியுங்கள், தரைக்கும் கயிற்றுக்கும் இடைவெளி கொஞ்சம் போதும். வெள்ளி ஓய்வு. ஞாயிறு நடையும் நீட்டலும்.

சனிக்கிழமையை 1500 மீட்டர் தேர்வுக்காரர்களுக்கு ஒதுக்கினேன். 7 நிமிட வேகத்தை மாடியில் ஓடிப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆனால் ஏழு நிமிடம் மூச்சு முட்டுவதை உடல் தாங்கும்படி பழக்கலாம்.

1. பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள்.
2. நின்ற இடத்தில், முழங்கால் இடுப்பு உயரம் வர, இரண்டு நிமிடம் வேக ஓட்டம். சுவரைப் பார்த்து நில்லுங்கள், உடம்பு முன்னும் பின்னும் நகர்ந்தால் தெரியும்.
3. இரண்டு நிமிடம் மெதுநடை.
4. இதையே மூன்று தடவை செய்யுங்கள். இரண்டு வாரம் கழித்து நான்கு தடவை.
5. மூன்றாம் தடவை முழங்கால் தாழ்ந்துகொண்டே வந்தால் நிறுத்துங்கள். தாழ்ந்த முழங்காலோடு செய்வதில் பயன் இல்லை.

சோறு பற்றி இரண்டு வரி

ஓட்டம் பாதியானால் சோறும் கொஞ்சம் குறையட்டும், ஆனால் பட்டினி கிடக்காதீர்கள். ஊரடங்கில் வருமானம் நின்ற வீடுகளில் ரேஷன் அரிசியும் துவரம்பருப்பும்தான் இருந்தன. அதுவே போதும். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஊறவைத்த கொண்டைக்கடலை, கிடைத்தால் முட்டை, முருங்கைக்கீரை. விளம்பரத்தில் வரும் சத்துமாவு டப்பாவுக்குக் கடன் வாங்காதீர்கள்.

நோய் வீட்டுக்குள் வந்தால்

2020 மே 5-ல் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கே சுமை தூக்கவும் காய்கறி விற்கவும் போயிருந்த நம் மாவட்டத்துக்காரர்கள் அதற்கு முன்பிருந்தே ஊர் திரும்பத் தொடங்கியிருந்தார்கள். சில நாள்களுக்குள் கடலூர் மாவட்டத்தின் தொற்று எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறியது. திரும்பியவர்களில் ஓடுகிற இளைஞர்களும் இருந்தார்கள். நமக்கெல்லாம் ஒன்றும் ஆகாது என்று நினைத்தவர்கள் அவர்கள். உடல்வலு உள்ளவர்களுக்கு இந்த இடத்தில்தான் ஆபத்து. வலு இருப்பதால்தான் அறிகுறியைத் தள்ளிவிட்டு ஓடுவார்கள்.

1. காய்ச்சல், உடம்புவலி, இருமல், வாசனை தெரியாமை எது இருந்தாலும் ஓட்டம் இல்லை. வியர்த்தால் காய்ச்சல் இறங்கும் என்று போர்வை போர்த்திக்கொண்டு ஓடிய பிள்ளையை எனக்குத் தெரியும். அது மூடத்தனம், இதயத் தசை வீங்கி உயிருக்கே உலை வைக்கலாம்.
2. வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்றால் மாடியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்த வேண்டும். தனியாக ஓடும்போது முகக்கவசம் வேண்டாம். மாடியில் இன்னொருவர் இருந்தால் ஓடவே வேண்டாம்.
3. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி இருந்தால் நாளுக்கு இரண்டு வேளை பாருங்கள். ஓய்வில் அளவு சரியாக இருந்து, மூச்சுத் திணறலும் இல்லை என்றால், ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறைக்குள் ஆறு நிமிடம் நடந்து மறுபடி பாருங்கள். 94-க்குக் கீழே போனாலும், நடக்கும் முன் இருந்ததைவிட 3-க்கு மேல் இறங்கினாலும் உடனே மருத்துவமனை. 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள். ஆலோசனை மட்டும் வேண்டுமானால் 104.
4. அறிகுறிகள் எல்லாம் போன பிறகும் குறைந்தது பத்து நாள் முழு ஓய்வு. பிறகு ஒரு வாரம் நடை மட்டும். அடுத்த வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி 15 நிமிடம்.
5. நெஞ்சுவலி, காரணமில்லாத படபடப்பு, கண் இருட்டிக்கொண்டு வருவது, பழைய வேகத்தில் பாதிக்கே மூச்சு வாங்குவது, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் போய் ஈசிஜி எடுத்துக்கொள்ளுங்கள்.

கபசுரக் குடிநீர் குடித்தேன், அதனால் ஓடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கஷாயம் குடிப்பது வேறு, இதயம் தேறுவது வேறு.

தேதி தள்ளிப் போகும்போது

இதற்குப் படி எண் போட்டு எழுத முடியவில்லை. காவலர் உள்ளிட்ட 10,906 பணியிடங்களுக்கு 2020 டிசம்பர் 13-ல் எழுத்துத் தேர்வு நடந்தது. உடல்தகுதித் தேர்வு 2021 ஏப்ரலில் என்றார்கள். இரண்டாம் அலை வந்து, மே 10 முதல் தமிழ்நாடு மறுபடி அடைபட்டு, தேர்வு ஜூலைக் கடைசிக்குத்தான் வந்தது. மூன்று மாதம் தள்ளியது சிலருக்கு வரம். ஏப்ரலில் உச்சத்துக்கு வந்து நின்றவர்களுக்கு அது பெரிய அடி. ராணுவத்துக்குத் தயாரானவர்கள் பாடு இன்னும் மோசம். இரண்டு ஆண்டு ஆள்சேர்ப்பு பெரும்பாலும் நின்றுபோனது, வயது ஏறியது. 2022-ல் அந்த ஓராண்டுக்கு மட்டும் வயது வரம்பை 21-லிருந்து 23 ஆக்கினார்கள். அதற்குள் காலணியைக் கழற்றி வைத்துவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

அவர்களிடம் நான் ஒரு செய்தியைச் சொல்வதுண்டு. டோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப் போனது. பாட்டியாலாவில் பயிற்சியில் இருந்த இந்திய வீரர்கள் மைதானம் இருந்தும் இறங்க முடியாமல் விடுதிக்குள் அடைபட்டார்கள். 2021 ஆகஸ்ட் 6-ல் டோக்கியோவில் இந்திய ஆண்கள் 4x400 தொடர் ஓட்டக் குழு 3 நிமிடம் 0.25 விநாடியில் ஓடி ஆசிய சாதனை செய்தது. அந்த நால்வரில் ஒருவர் திருச்சி மாவட்டம் லால்குடி பக்கத்து ஆரோக்கிய ராஜீவ். அறைக்குள் இருந்த மாதங்களில் அவருக்கும் காத்திருப்புதான்.

ஆகவே தேர்வுத் தேதி தெரியாதபோது உச்சத்துக்குப் போகாதீர்கள். முழு வலுவில் முக்கால்வாசியில் நில்லுங்கள். தேதி வந்த பிறகு எட்டு வாரம் கிடைத்தால் மீதியை ஏற்றிவிடலாம்.

கதவு திறக்கும் நாள்

அடைபட்ட காலத்தைவிட, திறந்த முதல் வாரத்தில்தான் அதிகம் பேர் அடிபட்டார்கள். சாலையைக் கண்டதும் கால் கேட்காது. முன்னங்கால் எலும்பு வலியும் கெண்டைக்கால் பிடிப்பும் அப்போதுதான் வரும்.

1. முதல் நாள் நடை மட்டும். பழைய பாதை முழுவதையும் நடந்து பாருங்கள், மூன்று மாதத்தில் எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது, எந்தத் தெருநாய் உங்களை மறந்துவிட்டது என்று தெரியும்.
2. முதல் வாரம் பழைய தூரத்தில் பாதி, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்.
3. அடுத்து வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள்.
4. ஆற்று மணலில் ஓடுவதை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். சிமெண்டுத் தரைக்குப் பழகிய கணுக்கால் மணலில் புரளும்.
5. மூன்றாம் வாரம் முடிவில் ஒரு 1500 மீட்டர் ஓடி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டு நிமிடம் ஆனாலும் எழுதி வையுங்கள். எங்கள் பிள்ளை ஒருவனுக்கு அன்று 7 நிமிடம் 50 விநாடி, ஏழாம் வாரம் 6 நிமிடம் 40.